கரை மாறிய கொம்புத்தவளை

டிமாவுக்குக் குன்றைக் கொடுத்த அன்று எங்கள் நீளவீடே, ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் அத்தனை குடும்பமும், வாய்க்குள் சிரித்தது. சொத்துப் பிரிக்கும்போது அவள் அண்ணன் லந்திங், அப்பன் இருந்த அறையை எடுத்துக்கொண்டான், ஆற்றோர வயலை எடுத்துக்கொண்டான், ரப்பர் தோட்டத்தையும் விடவில்லை. தங்கைக்கு மிஞ்சியது கெராமு குன்று. கல், சருகு, அட்டை, இவ்வளவுதான் அங்கே. "கல்யாணம் ஆகாத ஒருத்திக்கு வயல் எதுக்கு?" என்று அவன் கேட்டதை நான் என் காதால் கேட்டேன். எங்கள் இபான் இன வழக்கத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சரிபங்கு. அது தெரியாத பெரியவர் அந்தப் பொதுக்கூடத்தில் ஒருவரும் இல்லை. அன்றைக்கு மட்டும் எல்லாருக்கும் வெற்றிலை மெல்லுவதில் அப்படி ஒரு மும்முரம்.

நான் உகாப். படகோட்டி. வீட்டின் கடைசி அறை டிமாவுக்கு, அதற்கு முந்தின அறை எனக்கு. நடுவில் ஒரு பலகைச் சுவர். அவள் இருமினால் என் வீட்டு நாய் எழுந்து உட்காரும். அதனால் அவள் கதையை நான் சொல்வதில் யாருக்கும் வருத்தம் இருந்தால் என் வாசலுக்கு வந்து சொல்லட்டும்.

அந்தக் கல்லுக் குன்றில் அவள் மிளகு போட்டாள். இரும்புமரக் கம்பங்களை முதுகில் கட்டி ஏற்றினாள். ஒரு கம்பத்தைத் தூக்க எனக்கே மூச்சு வாங்கும். கொடி கம்பத்தைப் பிடித்து ஏறிக் காய்க்கத் தொடங்கியதும் அவளைக் கேலி செய்த பெண்கள் அவளிடமே கைமாற்று வாங்கினார்கள். அவள் முகத்தில் பெருமை வந்ததை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஊர்க் கண்ணும் அப்போதுதான் பட்டிருக்க வேண்டும்.

பெருஞ்சாலை போடக் கல் தேடி ஒரு கம்பெனி வந்தது. அவர்கள் ஆற்றில் மேலும் கீழும் அலைந்துவிட்டு, கெராமுவில் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினார்கள். நல்ல கல் என்றார்கள். லந்திங் அதற்குள் வீட்டுத் தலைவனாகியிருந்தான். எங்கள் நிலம் எதற்கும் பத்திரம் கிடையாது. தலைவன் கையெழுத்துப் போட்டால் போதும், குன்று போய்விடும், நட்டஈடு வீடு முழுவதற்கும் பங்காகும். அன்றைக்கே ஆளுக்கு ஆள் கனவு காண ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்திக்குக் குளிர்ப்பெட்டி, ஒருத்தனுக்குப் புது மோட்டார்.

"என் மிளகு?" என்று டிமா கேட்டாள்.

"மிளகா? அது கொடிதானே, வேற எங்கயாவது ஏறும்" என்றான் லந்திங். "கொடிக்கு என்ன, உன்னைய மாதிரி பிடிவாதமா பிடிச்சிருக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். அவன் சொல்வதற்குச் சிரிப்பது அந்த வருஷம் வீட்டில் ஒரு வேலையாகவே ஆகிவிட்டது.

வெடி வைப்பதற்கு முன் குன்றில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டுமென்று சட்டம். அதற்காக வந்தவர்தான் டாக்டர் டிங். சிபு நகரத்துப் பக்கத்துச் சீனப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், தொப்பியைத் தூங்கும்போது மட்டும் கழற்றுவார். கூட வில்சன் என்று ஒரு மாணவன். எங்கள் இபான் ஆள்தான், ஆனால் கூச்சிங் பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவன். காட்டில் காலடி வைக்கும்போதெல்லாம் எதையாவது பிடித்துக்கொள்வான். அவர்களை ஏற்றி இறக்குகிற வேலை எனக்கு.

கெராமுவின் ஓடையோரம் சருகுக்குள் ஒரு தவளை உண்டு. கண்ணிமை இரண்டும் கூராக நீண்டு கொம்பு மாதிரி நிற்கும், மூக்கும் கூர். நிறம் காய்ந்த இலையேதான். மிதிக்கும்வரை தெரியாது. பொழுது சாயும்போது ஒரே ஒரு தடவை 'ஹாங்' என்று கத்திவிட்டு, கோபித்துக்கொண்டவன் மாதிரி சும்மா இருக்கும். டாக்டர் அதைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவே இல்லை. கொம்பை அளந்தார், முதுகுத் தோலின் மடிப்பை அளந்தார், கத்தலைப் பதிவு செய்து திரும்பத் திரும்பக் கேட்டார்.

டிமா மிளகு பறித்துக்கொண்டே, "இதுல என்ன டாக்டர் அதிசயம்? என் கால்ல தினம் இடறுது" என்றாள்.

"அக்கா, இந்த மாதிரி கொம்புத்தவளை தாய்லாந்துலருந்து நம்ம போர்னியோ வரைக்கும் எங்கயும் இருக்கு. முன்னாடி எல்லாத்தையும் ஒரே இனம்னு எழுதி வெச்சிருந்தாங்க. பார்க்க ஒண்ணு போலத்தானே இருக்கு? இப்ப உள்ள பிரிச்சுப் பார்த்தா, தீவுக்கு ஒண்ணு, மலைக்கு ஒண்ணுன்னு வேற வேற இனம். இதுக்குக் கொம்பு குட்டை. குரலும் வேற. இதுவரைக்கும் யாரும் பேர் வைக்காத இனம்னு நினைக்கிறேன்."

"நல்லா இருக்கட்டும். எனக்கு என்ன அதனால?"

"இந்தக் குன்றுல மட்டும்தான் இருக்குன்னு நான் நிரூபிச்சுட்டா, உங்க குன்றை ஒருத்தனும் தொட முடியாது."

பறித்துக்கொண்டிருந்த கை நின்றது. டிமா அந்தத் தவளையைப் பார்த்தாள். தலைச்சுமையை இறக்கிவைக்க இடம் கண்டவளின் பார்வை அது. சும்மா சொல்லவில்லை, எனக்கே கண் கலங்கியது. அன்றிலிருந்து அவள் ஓடைப் பக்கம் கத்தி வீசுவதைக்கூட விட்டுவிட்டாள்.

சுற்றியுள்ள குன்றுகளில் இந்தத் தவளை இல்லை என்று தேடிப் பார்க்க வேண்டும், முதலில் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் சபாங் குன்று, அதுதான் பக்கம், மழைக்காலம் முடிந்ததும் வருகிறேன் என்றார் டாக்டர். சில தவளைகளைச் சாராயப் புட்டியில் போட்டு எடுத்துக்கொண்டார். உயிரோடு பிடித்து வைத்திருந்த மற்றவற்றை ஒரு துணிப்பையில் டிமாவிடம் கொடுத்தார்.

"பிடிச்ச இடத்துலயே விட்டுடுங்க அக்கா. அதே ஓடை. வேற எங்கயும் வேணாம். இது ஒண்ணுதான் நான் உங்ககிட்ட கேக்கிறது."

"சரி டாக்டர்" என்றாள் டிமா.

அவர்கள் கிளம்பும் முன் காலையில்தான் அந்தக் கூத்து நடந்தது. பொதுக்கூடத்தில் வில்சன் அந்தப் பையிலிருந்து ஒரு பெரிய தவளையை எடுத்துப் பாயில் உட்காரவைத்து, தன் மூக்குக்கண்ணாடியை அதற்கு மாட்டினான். புட்டி மூடியைத் தலையில் கவிழ்த்தான். "வீட்டுத் தலைவர் கூட்டத்துக்கு வந்துட்டார், எல்லாரும் எந்திரிங்க" என்றான். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். பெரியவர்களும் அடக்க முடியாமல் சிரித்தார்கள். லந்திங்குக்குக் கோபம் வரும் என்று நான் பார்த்தேன். அவன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். எழுந்து வந்து தன் வாயிலிருந்த சிகரெட்டை எடுத்துத் தவளையின் வாயோரம் செருகினான்.

"சிரிக்காதீங்க! எடுங்க அதை! உங்களுக்கெல்லாம் பைத்தியமா?" என்று டிமா கத்தினாள்.

நாங்கள் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர்கள். போதகர் வந்தால் கோழி அடிப்போம். ஆனாலும் ஒரு பிராணிக்கு மனுஷ வேஷம் போட்டுச் சிரித்தால் இடி இறங்கும், வீடும் வீட்டிலிருப்பவர்களும் கல்லாகிப் போவார்கள் என்பது எலும்பில் ஊறினது. நம்புகிறாயா என்று பகலில் கேட்டால் இல்லை என்போம். டாக்டர் ஓடிவந்து கண்ணாடியைப் பிடுங்கி, தவளையைப் பையில் போட்டு, வில்சனைத் திட்டி, எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார். டாக்டரையும் தப்புச் செய்தவனையும் படகில் ஏற்றி நான் ஆற்றின் கீழ்ப்புறம் கொண்டுபோய்விட்டேன்.

அன்று சாயங்காலம் புயல் வந்தது. அந்த மாதத்தில் அப்படி வருவது புதிதொன்றும் இல்லை, அதை இன்றைக்குச் சொல்லலாம். தகரக் கூரையில் பாதி பறந்து ஆற்றில் விழுந்தது. கொட்டகையில் நின்ற பன்றிகள் இடி விழுந்து நின்ற வாக்கில் செத்தன. நான் படகைக் கட்டிவிட்டு மேலே ஏறும்போது வீட்டுப் பெண்கள் பிள்ளைகளை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

லந்திங் நடுவில் நின்றான். "இடி எங்கருந்து வந்துச்சு? அந்தத் தவளைகிட்டருந்து. அது இந்தக் கரைல இருக்கிற வரைக்கும் விடாது. ஆத்தைத் தாண்டி எடுத்துட்டுப் போய், படையல் வெச்சு, மன்னிப்புக் கேட்டு விட்டுட்டு வரணும். அதுதானே நம்ம முறை?"

முறை அதுதான். அதில் அவன் பொய் சொல்லவில்லை.

"டாக்டர் பிடிச்ச இடத்துலயே விடச் சொல்லிருக்காங்க" என்றாள் டிமா. பையை இடுப்போடு அணைத்திருந்தாள்.

"டாக்டர் வந்து உன் கூரையப் போட்டுக் குடுப்பாளா?"

"சிரிச்சது நீங்க. செருகினது நீ. நான் ஏன் கொண்டுபோகணும்?"

"குன்று யாருது? தவளை யாரு குன்றுலருந்து வந்துச்சு? குன்று வேணும்னா உன்னுது, இடி விழுந்தா ஊருதா?"

பிள்ளைக்காரி ஒருத்தி வந்து டிமாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். "உனக்குப் பிள்ளை இல்ல. எனக்கு இருக்கு அத்தை. என் பிள்ளைங்க கல்லா நிக்கணுமா?" என்று அழுதாள். காலைப் பிடித்துக்கொண்டே குத்துகிற வித்தை எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கைவந்தது.

டிமாவும் பயந்திருந்தாள், அதை மறைக்க வேண்டியதில்லை. மறுபடி ஓர் இடி இடித்ததும், "படகை எடு உகாப்" என்றாள்.

மழை ஓய்ந்து வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஆறு பொங்கிக் கலங்கலாக ஓடியது. அக்கரையில் எந்த இடம் என்று நான் கேட்கும் முன் லந்திங் மேலிருந்து கத்தினான், "சபாங் ஓடைக்குக் கொண்டுபோ. தண்ணி இருக்கிற இடமாப் பார்த்து விடணும், பாவம்." அந்தப் 'பாவம்' அவன் வாயில் புதுச் சொல். அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சபாங் ஓடையோரம் அவள் வாழையிலை விரித்து, சோறும் பொரியும் ஒரு முட்டையும் வைத்து, துவாக் என்கிற அரிசிக் கள்ளை ஊற்றினாள். பிறகு பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து, "மன்னிச்சுக்க, அறிவு கெட்ட ஜனம்" என்று சொல்லிச் சொல்லிச் சருகில் வைத்தாள். கடைசியாக வந்தது பெரிய பெண் தவளை, வயிறு புடைத்து முட்டை நிறைந்து இருந்தது. அதை மட்டும் தண்ணீர் தேங்கிய இடமாகப் பார்த்து விட்டாள். துறையில் இறங்கியதும், "டாக்டர்கிட்ட இதை எப்படிச் சொல்வேன்?" என்று மட்டும் கேட்டாள். பிறகு வெட்கத்தில் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள்.

மழைக்காலம் போனது. டாக்டர் டிங் வந்தார், இந்தத் தடவை வில்சன் இல்லாமல். சொன்னபடி முதலில் சபாங்குக்குத்தான் போனார். டிமா அன்று மிளகு காயவைக்கிற சாக்கில் துறையிலேயே உட்கார்ந்திருந்தாள். அத்தனை மழைக்குப் பிறகு ஒன்றும் மிஞ்சியிருக்காது, பாம்பு தின்றிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் அதே எண்ணம்தான்.

படகிலிருந்து இறங்கிய டாக்டரின் கையில் ஒரு கண்ணாடிப் புட்டி. அதில் தலைப்பிரட்டைகள். இந்தத் தவளையின் குஞ்சுக்கு வாய் மேல்நோக்கிக் குடை விரித்த மாதிரி இருக்கும், தண்ணீரின் மேற்பரப்பில் தொங்கிக்கொண்டு தின்னும். வேறெதனோடும் மாற்றிப் பார்க்க முடியாது. புட்டி முழுக்க அந்தக் குடைகள்.

"அங்கயும் இருக்கு அக்கா" என்றார் டாக்டர். புட்டியைக் கீழே வைத்தார். "குஞ்சு பொரிச்சு, குடும்பமா இருக்கு. ஒரு குன்றுல மட்டும்னு நான் எழுத முடியாது."

டிமா அங்கேயே சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்து, மாவட்ட அதிகாரி கூட்டம் போட்ட அன்றுதான் சொன்னாள்.

பொதுக்கூடத்தில் அதிகாரி, கம்பெனி ஆள், டாக்டர், லந்திங் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பலகாரமும் பன்றிக்கறியும் வைத்திருந்தார்கள். டாக்டர் தன் அறிக்கையை வாசித்தார். தவளை இரண்டு குன்றிலும் இருக்கிறது, ஒன்று போனாலும் இன்னொன்றில் இருக்கும். கம்பெனி ஆள் பல்லைக் காட்டினான்.

டிமா எழுந்து நின்றாள். "சபாங்குல இருந்தது இல்ல. நான்தான் கொண்டுபோய் விட்டேன். உகாப் படகுல. இவங்க எல்லாரும் சொல்லித்தான் விட்டேன். டாக்டர், என்னைய மன்னிச்சிருங்க."

டாக்டரின் முகத்தில் முதலில் சந்தோஷம் வந்ததை நான் பார்த்தேன். சத்தியம். பிறகு அது கறுத்தது. "பிடிச்ச இடத்துல விடச் சொன்னேனே அக்கா. ஒண்ணே ஒண்ணுதானே கேட்டேன்."

கம்பெனி ஆள் மெதுவாக, ரொம்ப மரியாதையாகக் கேட்டான், "இந்த மாதிரி பிராணிங்களை ஆத்தைத் தாண்டிக் கொண்டு விடறது உங்க பழக்கமா தலைவரே?"

"ஆமா ஐயா. காலம் காலமா" என்றான் லந்திங். "எங்க தாத்தா காலத்துல சபாங்குல பிடிச்சு, கேலி பண்ணி, இடி விழுந்து, கெராமுல கொண்டுவந்து விட்டிருக்காங்க. அவர் சொல்லி நான் கேட்டிருக்கேன்."

"அப்போ கெராமுல இருக்கிற தவளையே அங்கருந்து வந்ததா இருக்கலாம்" என்றான் கம்பெனி ஆள். "எது எங்க இருந்ததுன்னு யாரு சொல்றது?"

டிமா வாயை மூடியிருந்தால் தவளை இரண்டு குன்றின் தவளை. வாயைத் திறந்ததால் அது எந்தக் குன்றின் தவளையும் இல்லை. எப்படிப் போட்டாலும் அவள் கழுத்துக்கே சுருக்கு விழுந்தது.

"பொய்!" என்று கத்தினேன். "இவன் தாத்தா காலத்துல நம்ம வீடு இந்த ஆத்துலயே இல்ல! மேலே கிளையாத்துல இருந்துச்சு. கெராமு எங்க, சபாங் எங்கன்னு அவருக்குத் தெரியவே தெரியாது!"

"படகோட்டி சரித்திரம் சொல்றான், எழுதிக்குங்க ஐயா" என்றான் லந்திங். கூடமே சிரித்தது. டிமா சிரித்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். எல்லாரும் குளிர்ப்பெட்டியையும் மோட்டாரையும் கண்ணில் வைத்திருந்தார்கள். அவள் காலைப் பிடித்து அழுத பிள்ளைக்காரி பலகாரத் தட்டை நகர்த்திச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

டாக்டர் தணிந்த குரலில், ரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிச் சோதித்தால் எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும், ஒரு வருஷம் ஆகும் என்றார்.

"ஒரு வருஷம் சாலை காத்திருக்காது டாக்டர்" என்றார் அதிகாரி. "இப்ப உறுதியாச் சொல்ல முடியுமா, முடியாதா?"

"உறுதியாத் தெரியாததை நான் எழுத மாட்டேன்" என்றார் டாக்டர் டிங்.

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நான் திட்டியாவது ஆறுதல் அடைந்திருப்பேன்.

கூட்டம் கலைந்தபின் லந்திங் தங்கையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. "மழைக்கப்புறம் முதல்ல சபாங்கைத்தான் தேடுவேன்னு டாக்டர் என்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போனாங்க. நான் இடத்தை மட்டும்தான் சொன்னேன் டிமா. கொண்டுபோய் விட்டது நீதானே?" என்றான். துவாக்கை உறிஞ்சினான். "கவலைப்படாத. சபாங் சரிவுல உனக்கு இடம் குடுக்கிறேன். தவளைன்னா உனக்கு உயிராச்சே, அங்கதான் இருக்கே."

எனக்கு அவன் மண்டையில் துடுப்பால் ஒன்று வைக்க வேண்டும் போலிருந்தது. வைக்கவில்லை. அவன்தான் தலைவன், எனக்கும் அதே கூரைதான்.

வெடி வைக்கும் முன் அவள் இரும்புமரக் கம்பங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். கொடித் துண்டுகளை நனைத்த சாக்கில் சுற்றினாள். நான் நடை நடையாக அக்கரைக்கு ஏற்றிப் போட்டேன், கூலி வாங்கவில்லை. பிறகு கெராமு துண்டு துண்டாகத் தெப்பத்தில் ஏறிப் போனது. வெடிச் சத்தத்தில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின. ஓடை வெள்ளைச் சேறாகி வற்றியது. அங்கே கொம்புத்தவளை கத்தி நான் அப்புறம் கேட்கவில்லை. வீட்டில் எல்லாருக்கும் எல்லாம் வந்தது. சாலை வருவதற்கு முன்பே லந்திங் வண்டி வாங்கித் தெப்பத்தில் ஏற்றிக் கொண்டுவந்து துறையில் நிறுத்தினான். ஓட்ட இடமில்லை. சாயங்காலங்களில் உள்ளே உட்கார்ந்து பாட்டுக் கேட்பான்.

டிமா சபாங்கிலேயே குடிசை போட்டுவிட்டாள். நீளவீட்டுக்கு வருவதில்லை. இந்த வயதில் மறுபடி முதலிலிருந்து காடு வெட்டி, குழி தோண்டி, கம்பம் நட்டாள். முதுகு கூன் விழுந்துவிட்டது. வாரத்துக்கொரு தடவை நான் அரிசியும் உப்பும் கருவாடும் கொண்டுபோவேன். ஓடையோரம் பொழுது சாயும்போது 'ஹாங்' என்று கேட்கும். "அன்னைக்கு வயித்துல முட்டையோட வந்தவளோட பிள்ளைங்க" என்பாள். அவளுக்கு அதன்மேல் கோபமே இல்லை. எனக்கு இருந்தது.

மூன்றாவது வருஷம் கொடிகள் காய்த்தன. சரம் சரமாகப் பச்சைக் காய். அந்த முதல் காய்ப்பை விற்றால் குடிசைக்குத் தகரம் போடலாம் என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் டாக்டர் டிங்கை நான் மறுபடி படகில் ஏற்றினேன். கூட வன அதிகாரி ஒருவரும், கத்தியும் பெயர்ப்பலகையும் தூக்கிக்கொண்டு நாலைந்து ஆட்களும்.

டாக்டர் மேட்டில் ஏறியதும் டிமாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அக்கா, நீங்க சொன்னது உண்மைதான். சோதனை முடிஞ்சுது. இங்க இருக்கிற தவளை எல்லாமே ஒரே தாயோட வம்சம். அந்தத் தாய் கெராமுலருந்து வந்தது. சுத்துப்பட்டு எல்லா மலையும் தேடிட்டேன், வேற எங்கயும் இல்ல. அது கெராமுவோட தவளைதான். புது இனம்தான்."

டிமா சிரித்தாள். பல வருஷம் கழித்து அவள் சிரித்துப் பார்த்தேன். "நான் பொய் சொல்லலைன்னு எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன் அக்கா."

"எங்க வீட்டுல போய்ச் சொல்லுங்க. அவன்கிட்ட சொல்லுங்க." அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டியா உகாப்? உண்மைன்னு எழுதிட்டாங்களாம்." போனது ஏதோ திரும்பி வரப்போகிறது என்று அந்தப் பைத்தியக்காரி நினைத்துவிட்டாள். நானும் நினைத்தேன்.

வன அதிகாரி தொண்டையைச் செருமினார். "கெராமு இப்ப இல்ல. இந்த இனம் உலகத்துலயே சபாங்குல மட்டும்தான் இருக்கு. அதனால சபாங் குன்றைப் பாதுகாப்பு எல்லையாக்கியாச்சு. விவசாயம், குடியிருப்பு எதுவும் கூடாது. நீங்க இன்னைக்கே இறங்கிடணும்."

டிமா டாக்டரின் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டாள்.

"இங்க இருக்கிறதெல்லாம் நான் கொண்டுவந்து விட்டதோட குஞ்சு."

"ஆமா அக்கா."

"நான் கொண்டுவந்தேன்."

"ஆமா."

"அது இருக்கலாம். நான் இருக்கக் கூடாது."

டாக்டர் தொப்பியைக் கழற்றினார். "இவ்வளவு சீக்கிரம் இப்படி ஆகும்னு நான் நினைக்கல அக்கா. எழுதும்போது நான் தவளையை மட்டும்தான் நினைச்சேன்."

"காய் பழுக்கட்டும்" என்றாள் டிமா அதிகாரியிடம். கெஞ்சினாள், அதைச் சொல்ல எனக்கே நா கூசுகிறது. அண்ணனிடம் ஒருநாளும் கெஞ்சாதவள். "பறிச்சிட்டுப் போயிடறேன் ஐயா. பச்சையா யாரு வாங்குவா? கொஞ்ச நாள்தான். ஓடைப் பக்கம் காலே வைக்க மாட்டேன்."

"மேல்சரிவுல வெட்டின மண்ணு ஓடையில இறங்குது. தலைப்பிரட்டைக்கு ஆகாது. மன்னிக்கணும்" என்றார் அவர்.

டாக்டர் ஒரு நல்ல சேதி சொல்கிற மாதிரிச் சொன்னார், "அந்த இனத்துக்கு உங்க பேரைத்தான் வெச்சிருக்கேன் அக்கா. இனிமே உலகம் முழுக்க அதுக்கு உங்க பேருதான்."

டிமா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "குன்றையும் அதுக்குக் குடுத்துட்டீங்க. பேரையும் அதுக்குக் குடுத்துட்டீங்க. நான் என்னன்னு சொல்லிக்கிட்டு எங்க போய் நிக்கிறது?"

அதிகாரி என்னிடம் ஆற்றில் தண்ணீர் வடிகிறது, படகைத் திருப்பி வை என்றார். அவருடைய ஆட்கள் மேல்வரிசையிலிருந்து கொடிகளை அறுக்கத் தொடங்கியிருந்தார்கள். பச்சைக் காய் சருகின் மேல் கொட்டியது. டிமா குந்தி உட்கார்ந்து, அவர்கள் அறுக்க அறுக்க, அதைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டே போனாள்.